கறையைப் படித்தவர்கள்

சரித்திரம் என்றதும் நமக்கு ராஜாக்களும் யுத்தங்களும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் கிரீடம், வாள், அந்தப்புரச் சூழ்ச்சி இவற்றின் உபயோகத்தை நான் ஒருநாளும் மறுக்கமாட்டேன். ஆனாலும், ஈரத்தை உறிஞ்சும் ஒரு துண்டுக் காகிதத்துக்குக்கூட ஒரு சரித்திரம் உண்டு. அதில் கௌரவமும் அவமானமும் இருக்கின்றன; ஏழ்மையும் பிடிவாதமும் இருக்கின்றன; ஒரு நாவலாசிரியையின் கண்ணீரும் இருக்கிறது. அந்தச் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

இப்போது பல வீடுகளில் சமையலறைச் சுவரில் காகிதத் துவாலை சுருளாகத் தொங்குகிறது. வடையிலிருந்து எண்ணெயை எடுப்பதற்கும், மேஜையில் சிந்திய காபியைத் துடைப்பதற்கும் அதைக் கிழித்து உபயோகிக்கிறோம்; உடனே குப்பைக் கூடையில் போட்டுவிடுகிறோம். அது பிறந்த கதையும் குப்பைக்குப் போக இருந்த கதைதான் என்பார்கள். 1907-ஆம் வருஷம் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து ஸ்காட் காகிதக் கம்பெனிக்கு ஒரு ரயில் பெட்டி நிறையக் காகிதம் வந்து சேர்ந்ததாம். நினைத்ததைவிடத் தடிமனாக இருந்ததால் எதற்கும் உதவாது என்று எல்லோரும் கையை விரித்தார்கள். முதலாளி மட்டும் அதைத் துண்டு துண்டாக வெட்டிக் கை துடைக்க விற்கலாம் என்றாராம். கதை எவ்வளவு தூரம் நிஜமோ, காகிதத் துவாலை நிலைத்துவிட்டது. அதற்கு முன்னோர் உண்டு. நம் தாத்தாக்கள் கடிதத்தின் ஈர மையின்மேல் வைத்து அழுத்திய மையொற்றுத் தாள் ஒன்று. ரசாயனசாலையில் கலங்கல் நீரைத் தெளிய வைக்கும் வடிதாள் மற்றொன்று. மூன்றும் ஒரே குடும்பம். எழுதுகிற காகிதத்துக்குப் பசை பூசி மெருகு ஏற்றுவார்கள். இவற்றுக்கு அந்த அலங்காரம் கிடையாது. அதனால்தான் ஈரத்தைக் கண்டால் உடனே வாயைத் திறக்கின்றன.

இந்தக் காகிதத்தைக் கொண்டு வீட்டிலேயே ஒரு வேடிக்கை செய்து பார்க்கலாம். இரண்டு விரற்கடை அகலத்துக்கு ஒரு பட்டை கத்தரித்துக் கொள்ளுங்கள். அடியிலிருந்து ஓர் அங்குலம் தள்ளிக் குழந்தைகளின் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு பொட்டு வையுங்கள். டம்ளரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, பட்டையின் நுனி மட்டும் நனையும்படித் தொங்க விடுங்கள். பொட்டு தண்ணீரில் முழுகக் கூடாது, அது முக்கியம். பிறகு உங்கள் காபியைக் குடித்து முடியுங்கள். திரும்பி வந்து பார்த்தால் கறுப்புப் பொட்டைக் காணோம்! ஓரிடத்தில் நீலம், ஓரிடத்தில் சிவப்பு, ஓரிடத்தில் மஞ்சள் என்று வர்ணங்கள் தனித்தனியாக நிற்கும். பேனாவுக்குப் பேனா வர்ணமும் வரிசையும் மாறும். நான் செய்து பார்த்தபோது, கடையில் ஒரே மாதிரி இருந்த இரண்டு கறுப்புப் பேனாக்கள் தாளின்மேல் ஏறியதும் தங்கள் வம்சாவளியை வெவ்வேறாக ஒப்புவித்தன.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. அகல்விளக்கில் எண்ணெய் திரியேறுகிறதே, அதே போலத் தண்ணீர் காகித நார்களின் சந்து பொந்துகளில் ஏறுகிறது. மையின் சாயங்கள் அதனுடன் புறப்படுகின்றன. மதுரைச் சித்திரை வீதியில் ஒரு குடும்பம் நடந்து போவதை நினைத்துக் கொள்ளுங்கள். புறப்படும்போது எல்லோரும் ஒன்றாகத்தான் புறப்படுகிறார்கள். வளையல் கடைக்குக் கடை நின்று பார்ப்பவள் பின்தங்கிவிடுகிறாள்; கடைகளில் சிரத்தை இல்லாத மாமா வீதிக் கோடிக்குப் போய்விடுகிறார். காகிதத்தின்மேல் ஒட்டுதல் அதிகமுள்ள சாயம் பின்தங்குகிறது. தண்ணீரின்மேல் பிரியம் அதிகமுள்ளது முன்னே ஓடுகிறது. இவ்வளவுதான் விஷயம். இந்த விஷயத்தை உலகம் உணர்ந்து உபயோகிப்பதற்கு எத்தனை காலம் பிடித்தது என்பதுதான் எனக்குத் தீராத ஆச்சரியம்.

பொருளின் குற்றத்தைத் தாளைக் கொண்டு விசாரிக்கும் வழக்கம் மிகப் பழையது. ரோமாபுரியில் பிளினி என்ற பெரியவர் இருந்தார். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை கக்கியபோது இறந்துபோனவர் அவர். செம்புப் பச்சையில் மலிவான இரும்பு உப்பைக் கலந்து விற்கும் வியாபாரிகளைக் கண்டுபிடிக்க அவர் ஒரு வழி எழுதி வைத்தார். மாசிக்காய்ச் சாற்றில் ஊறிய பாப்பிரஸ் தாளில் சரக்கைத் தடவ வேண்டும். தாள் கறுத்தால் கலப்படம். அந்தக் காலத்திலேயே கலப்படம் இருந்திருக்கிறது என்பதில் நமக்குக் கொஞ்சம் ஆறுதல்கூட ஏற்படலாம்! ஆனால் அந்தத் தாள் 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டே பதில்தான் சொல்லும். ஒரு கறைக்குள் என்னென்ன இருக்கிறது என்று விவரமாகச் சொல்லவைக்க இன்னும் ஆயிரத்து எழுநூறு வருஷங்களுக்கு மேல் ஆயிற்று.

அந்தக் கறையை முதலில் ரசித்துப் பார்த்தவர் ஃப்ரீட்லீப் ரூங்கே என்ற ஜெர்மானியர். ஹாம்பர்க் நகரத்துக்கு அருகே ஒரு பாதிரியாருக்கு மகனாகப் பிறந்தவர். யேனா நகரத்தில் மாணவராக இருந்தபோது, ஒரு விஷச் செடியின் சாறு கண்ணின் பாவையை விரியச் செய்கிறது என்று கண்டறிந்தார். 1819-இல் மகாகவி கெதே அதைப் பார்க்க விரும்பினார். ரூங்கே இரவல் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு பூனையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தெருவெல்லாம் சிரிக்கக் கவிஞரின் வீட்டுக்குப் போனார். பூனையின் கண் விரிந்ததைக் கண்டு மகிழ்ந்த கெதே, அந்தக் காலத்தில் அருமையாகக் கிடைத்த காப்பிக்கொட்டைகள் சிலவற்றைக் கொடுத்து, 'இதையும் ஆராய்ந்து பாரும்' என்ற பொருள்படச் சொல்லி அனுப்பினார். ரூங்கே ஆராய்ந்து, காப்பியிலுள்ள காஃபீனைப் பிரித்தெடுத்தார். காலைக் காபி இல்லாமல் கண் திறக்காத நம்மவர்கள் அந்தப் பூனைக்கு ஒரு நமஸ்காரம் செய்யலாம்.

பின்பு அவர் ஓரானியன்பர்க் என்ற ஊரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்தார். 1830-களில் கீலிலிருந்து அனிலீன், கார்பாலிக் அமிலம் ஆகியவற்றைப் பிரித்துக் காட்டினார். பின்னால் எத்தனையோ பேரைக் கோடீசுவரர்களாக்கிய சாயத் தொழிலின் வித்து அது. அவருடைய மேலதிகாரிகளுக்கு அதில் அக்கறை இல்லை.

சாயங்களைச் சோதிப்பதற்காக அவர் மையொற்றுத் தாளில் ரசாயனத் திரவங்களைச் சொட்டுச் சொட்டாக விடுவார். ஒரு சொட்டின்மேல் வேறொரு சொட்டு விழும்போது தாளில் வளையம் வளையமாக, பூவாக, மயில் கண்ணாக வர்ணங்கள் விரியும். வேறு யாராவதாக இருந்தால் தாளைக் கசக்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். ரூங்கே அவற்றைச் சேர்த்து வைத்தார். 1850-இல் ஒரு புத்தகமும் 1855-இல் இன்னொரு புத்தகமும் வெளியிட்டார். அவற்றில் இருந்தவை அச்சடித்த படங்கள் அல்ல. ஒவ்வொரு பிரதியிலும் நிஜமான தாளில் நிஜமான கறைகளை உண்டாக்கி ஒட்டியிருந்தார்கள்! பொருள்களுக்குள் தாமாகவே உருவெடுக்கத் தூண்டும் ஒரு சக்தி இருக்கிறது என்பது அவருடைய சித்தாந்தம். அந்தச் சித்தாந்தம் நிற்கவில்லை. ஆனால் அவர் பார்த்த பார்வை நின்றுவிட்டது. வேலை போன பிறகு கிழவர் வீட்டு நிர்வாகத்தைப் பற்றிக் கடிதங்கள் எழுதிப் புத்தகமாக்கினார். 1867-இல், செல்வாக்கும் செல்வமும் இல்லாமல் காலமானார்.

அவருக்குப் பின் பாசல் நகரத்தில் ஷான்பைன் என்ற பேராசிரியர், வடிதாளைத் திரவத்தில் தொங்கவிட்டால் தண்ணீர் முன்னே போக, கரைந்த பொருள்கள் பின்தங்குவதைக் குறித்து வைத்தார். அவருடைய மாணவர் கோப்பல்ஸ்ரோடர் பாலையும் மதுவையும் சாயங்களையும் தாளில் ஏறவிட்டுப் பல்லாண்டு உழைத்தார். ஆனால் ரசாயன உலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குழந்தை விளையாட்டுப் போலத் தோன்றுகிற விஷயத்தைப் பெரியவர்கள் எப்படிக் கௌரவிப்பார்கள்?

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் இனிமேல்தான் வருகிறார். மிகயீல் ஸ்வெட் என்பது அவர் பெயர். 'ஸ்வெட்' என்றால் ருஷ்ய மொழியில் வர்ணம் என்று பொருள்! கதையில் நான் இப்படிப் பெயர் வைத்திருந்தால் விமரிசகர்கள் சும்மா விடமாட்டார்கள். 1872-இல் இத்தாலியில் பிறந்தார். தகப்பனார் ருஷ்யர், இத்தாலியத் தாயார் குழந்தை பிறந்தவுடனேயே இறந்துவிட்டார். ஜினீவாவில் படித்து டாக்டர் பட்டம் பெற்று ருஷ்யாவுக்குப் போனால், 'இந்தப் பட்டம் இங்கே செல்லாது' என்றார்கள். மறுபடி முதலிலிருந்து பரீட்சை, ஆராய்ச்சி, பட்டம். கடைசியில், அப்போது ருஷ்ய ஆட்சியில் இருந்த வார்சா நகரத்தில் வேலை கிடைத்தது.

இலையின் பச்சை நிறம் ஒரே பொருளா, பலவா என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. இலைச் சத்தை வடிதாள் பற்றிக்கொள்ளும் விதத்தை முதலில் கவனித்தார். பிறகு தாளுக்குப் பதிலாகக் கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்புத் தூளை இறுக்கி நிரப்பி, மேலிருந்து இலைச் சாற்றையும் அதைத் தொடர்ந்து சுத்தமான திரவத்தையும் ஊற்றினார். வெள்ளைத் தூணில் பச்சையும் மஞ்சளுமாகப் பட்டைகள் விரிந்தன. 1903 மார்ச்சில் இதைப் பற்றி வார்சாவில் பேசினார். 1906-இல் ஜெர்மன் மொழியில் இரண்டு கட்டுரைகள் எழுதி, 'வர்ண எழுத்து' என்று பொருள்படும் குரோமட்டோகிராபி என்ற பெயரையும் சூட்டினார்.

அதற்குக் கிடைத்த வரவேற்பு என்ன? போலந்து நாட்டு ரசாயனப் பேராசிரியர் மார்க்லெவ்ஸ்கி சீறி விழுந்தார். ஒரு தாவர சாஸ்திரி, குழாயும் சுண்ணாம்பும் வைத்துக்கொண்டு ரசாயனப் பிரச்னையைத் தீர்ப்பதா? பச்சையத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1915-இல் நோபல் பரிசு பெற்ற வில்ஷ்டேட்டரும் ஸ்வெட்டின் முறையை நம்பவில்லை. அதே 1915-இல் யுத்தம் வார்சாவை நெருங்கியது. ஸ்வெட் பெட்டி படுக்கையுடன் ஊர் ஊராக அலைந்தார். 1919-இல் வரோனேஷ் நகரத்தில், நாற்பத்தேழாவது வயதில் இறந்தார். அவர் சொன்னது சரி என்பதை அப்போது உலகம் ஒப்புக்கொள்ளவில்லை.

விதியின் கதை கட்டும் திறமையைப் பாருங்கள். வில்ஷ்டேட்டருக்காக ஸ்வெட்டின் ருஷ்யப் புத்தகத்தை ஜெர்மனில் மொழிபெயர்த்த பிரதி ஒன்று இருந்தது. அது அவருடைய சிஷ்யர் ரிச்சர்டு கூனின் கைக்கு வந்தது. 1931-இல் ஹைடல்பர்க் நகரத்தில் கூனும், லெடரர் என்ற இளைஞரும் அந்தப் பழைய முறையைக் கையாண்டார்கள். கேரட்டின் செம்மஞ்சள் நிறத்தையும் முட்டைக் கருவின் மஞ்சளையும் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டினார்கள். குரு ஒதுக்கிய முறைக்குச் சிஷ்யர் உயிர் கொடுத்தார். ஸ்வெட் இறந்து அப்போது பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

மறுபடி காகிதத்துக்கு வருவோம். இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் ஒரு கம்பளி ஆராய்ச்சி நிலையம். அங்கே ஆர்ச்சர் மார்ட்டின், ரிச்சர்டு சிஞ்ச் என்ற இரண்டு வாலிபர்கள். மார்ட்டின் சிறு பிராயத்தில் காபித் தகர டப்பாக்களைப் பற்றவைத்து வீட்டிலேயே வாலைக் கருவி செய்து விளையாடிய ஆசாமி. ஆட்டு ரோமத்திலுள்ள அமினோ அமிலங்களைப் பிரிக்க வேண்டும் என்பது அவர்களுடைய பிரச்னை. ஏறக்குறைய இருபது வகையான இந்த அமிலங்களைக் கோத்துத்தான் உடம்பின் புரதங்கள் எல்லாம் ஆகியிருக்கின்றன. ஒன்றுக்கொன்று இரட்டைப் பிள்ளைகள் போல் இருப்பதால் பிரிப்பது பிரம்மப் பிரயத்தனம். இருவரும் 1941-இல் இதற்கு ஒரு புதிய தத்துவத்தைக் கண்டார்கள். 1944-இல் மார்ட்டின், கான்ஸ்டன், கார்டன் மூவரும் சேர்ந்து, அந்த வேலைக்குச் சாதாரண வடிதாளே போதும் என்று காட்டினார்கள். தாளின் ஓரத்தில் ஒரு சொட்டு. ஒரு திரவத்தில் ஓர் ஓட்டம். தாளைத் திருப்பி வேறொரு திரவத்தில் மற்றோர் ஓட்டம். உலர்த்தி நின்ஹைட்ரின் தெளித்துச் சூடு காட்டினால் ஊதாப் பொட்டுகள் வரிசையாக எழுந்து நிற்கும். மார்ட்டினுக்கும் சிஞ்சுக்கும் 1952-இல் நோபல் பரிசு வந்தது.

அப்புறம் வெள்ளம்தான். இன்சுலின் என்ற புரதத்தில் ஐம்பத்தொரு அமிலங்கள் எந்த வரிசையில் நிற்கின்றன என்பதைக் கேம்பிரிட்ஜில் சாங்கர் 1955-க்குள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டார். தாளில் விழுந்த பொட்டுகள்தாம் அவருக்கு அரிச்சுவடி. பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் டி.என்.ஏ.யின் உறுப்புகள் இரண்டிரண்டாகச் சம அளவில் இருக்கின்றன என்று சார்காஃப் கண்டதும் இந்தத் தாளின் உதவியால்தான். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் கே. வி. கிரியும் அவருடைய சகாக்களும் வட்டமான தாளில், நடுவிலிருந்து திரவம் பரவும் முறையைக் கையாண்டு அமினோ அமிலங்களை வளையங்களாகப் பிரித்து 1952-இல் வெளியிட்டார்கள். கிழவர் ரூங்கேயின் வளையங்கள்! நூறு வருஷம் கழித்து நம் பக்கத்து ஊரில் மறுபடி பூத்தன.

இவையெல்லாம் ஆராய்ச்சிசாலையின் வெற்றிகள். காகிதம் வீட்டு வாசலுக்கு வந்த கதை ஒன்று பாக்கி இருக்கிறது.

பேர்ல் பக் அம்மையாரைக் கதை படிப்பவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சீனத்து விவசாயக் குடும்பத்தைப் பற்றி அவர் எழுதிய நாவல் 1931-இல் வெளியாயிற்று; 1938-இல் இலக்கிய நோபல் பரிசு பெற்றார். அவருக்கு 1920-இல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பார்வைக்கு அழகான குழந்தை. ஆனால் உடம்பு வளர அறிவு வளரவில்லை. டாக்டர் டாக்டராக அலைந்தும் காரணம் தெரியவில்லை. மகளை ஒரு விடுதியில் விட்டுவிட்டு, அவளுடைய பராமரிப்புக்குப் பணம் வேண்டுமே என்ற கவலையோடும் எழுதியதுதான் அந்தப் புகழ்பெற்ற நாவல். 1950-இல் அந்தத் துயரத்தையே ஒரு சிறு புத்தகமாக எழுதினார். குழந்தைக்கு இருந்த கோளாறு பினைல்கீட்டோனூரியா என்பது பல வருஷங்களுக்குப் பிறகே தெரியவந்தது. உணவிலுள்ள ஓர் அமினோ அமிலத்தை உடம்பு செலவழிக்க முடியாமல், அது இரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுக்கிறது. பிறந்த சில நாட்களுக்குள் கண்டுபிடித்து உணவைக் கட்டுப்படுத்தினால் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். தாமதித்தால் போன அறிவு திரும்பாது.

அமெரிக்காவில் பஃபலோ நகரத்தில் ராபர்ட் கத்ரி என்ற டாக்டர் இருந்தார். அவருடைய மகன் ஒருவனுக்கு அறிவு வளர்ச்சி குன்றியிருந்தது; உறவுப் பெண் குழந்தை ஒன்றுக்கு இதே கோளாறு தாமதமாகத் தெரிந்தது. அவர் 1960-ஐ ஒட்டிய வருஷங்களில் ஒரு வழி கண்டார். 1963-இல் அதைப் பற்றிய கட்டுரை வந்தது. சிசுவின் குதிகாலில் ஊசி நுனியால் குத்தி, இரண்டொரு சொட்டு இரத்தத்தை வடிதாளில் உறிஞ்சவிட வேண்டும். தாள் காய்ந்த பிறகு தபால் உறையில் போட்டு ஆராய்ச்சிசாலைக்கு அனுப்பலாம். அங்கே அந்தக் கறையிலிருந்து ஒரு சிறு வில்லை வெட்டி, நுண்கிருமிகளைப் பரப்பிய தட்டில் வைப்பார்கள். அந்த அமிலம் அதிகமாக இருந்தால் வில்லையைச் சுற்றிக் கிருமிகள் வளரும்; இல்லாவிட்டால் வளராது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பட்டணத்துக்கு ஓட வேண்டாம். கறை போனால் போதும்.

தாளில் வர்ணம் பிரிக்கும் முறையும் கத்ரியின் முறையும் வேறு வேறு. முன்னது ஓடும் சாயத்தைப் பிரிக்கிறது. பின்னது உறைந்த கறையைப் பாதுகாத்து அனுப்புகிறது. ஆனால் இரண்டுக்கும் அடிப்படை, பசை பூசாத ஓர் எளிய தாளின் தாகம். காகிதத்தில் வர்ணம் பிரிக்கும் வேலையை இன்று பெரும்பாலும் வேகமான யந்திரங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. குதிகால் இரத்தத்தைச் சோதிக்கும் கருவிகளும் மாறிவிட்டன. அந்த இரத்தத்தை வாங்கிக்கொள்ளும் தாள் மட்டும் மாறவில்லை. பல நாடுகளில் பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் அந்தப் பரிசோதனை நடக்கிறது. நம் தேசத்தில் சில இடங்களிலும் சில ஆஸ்பத்திரிகளிலும் நடக்கிறது. எல்லாக் குழந்தைகளுக்கும் இன்னும் நடக்கவில்லை. ஒரு துண்டுத் தாளும் இரண்டு சொட்டு இரத்தமும் கேட்பது பெரிய விலை அல்ல. கேட்காமல் விட்டதற்குச் சில வீடுகளில் வாழ்நாள் முழுவதும் விலை கொடுக்கிறார்கள்.

ஆகையால், உங்கள் வீட்டுப் பையனோ பெண்ணோ டம்ளரில் காகிதப் பட்டையைத் தொங்கவிட்டு மை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால், 'மேஜையைப் பாழாக்காதே' என்று அதட்டுவதற்கு முன் ஐந்து நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாலும் நல்லதுதான். மஞ்சள் முந்துகிறதா, நீலம் முந்துகிறதா என்று பந்தயம் கட்டலாம். மேஜையை அப்புறம் துடைத்துக்கொள்ளலாம். அதற்கும் அதே சுருளில் காகிதம் மிச்சம் இருக்கும்.